கைக்கெட்டும் தூரம்: கும்பிடுபூச்சியின் வேட்டையும் இணைசேர்க்கையும்

செம்பருத்திச் செடியில் எல்லா இலையும் சும்மா இருக்கும்போது ஓர் இலை மட்டும் மெல்ல ஆடினால், கிட்டப் போய்ப் பாருங்கள். முக்கோணத் தலை, நீண்ட கழுத்து, நெஞ்சுக்கு முன்னால் மடித்து வைத்த இரண்டு கைகள் தெரிந்தால் அது இலை இல்லை, கும்பிடுபூச்சி. பெருமாள் பூச்சி, இடையன் பூச்சி, தயிர்க்கடைப் பூச்சி என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. எனக்குப் பிடித்தது கடைசிப் பெயர்தான். முன்னும் பின்னும் அசைந்து அசைந்து அது நடப்பதைப் பார்த்தால் மத்துக் கயிற்றை இழுத்துத் தயிர் கடைகிறவர் நினைவுக்கு வருவார். கும்பிடுகிறது என்று சொன்னவர் அது அசையாமல் இருந்தபோது பார்த்தவர். தயிர் கடைகிறது என்று சொன்னவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தவர்.

அந்த ஆட்டத்துக்குக் காரணம் உண்டு. காற்றில் ஆடும் இலைகளுக்கு நடுவே தானும் ஓர் இலையாகத் தெரியலாம் என்பது ஒன்று. இன்னொன்றை நீங்களே செய்து பார்க்கலாம். தலையைப் பக்கவாட்டில் இப்படியும் அப்படியும் நகர்த்துங்கள். பக்கத்தில் உள்ள தூண் அதிகம் நகர்வது போலவும் தூரத்து மரம் கொஞ்சமாக நகர்வது போலவும் தெரியும். கும்பிடுபூச்சியும் தலையை இப்படி ஆட்டித்தான், தாவப் போகிற கிளை எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடுகிறது. இதன் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள ஒரே கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்: கைக்கு எட்டுமா, எட்டாதா? வேட்டையில் இந்தக் கேள்வியைக் கேட்பது கும்பிடுபூச்சி. இணைசேரும் காலத்தில் ஆண் பூச்சி இதையே திருப்பிக் கேட்கவேண்டி வருகிறது: நான் அவள் கைக்கு எட்டிவிடுவேனா?

பலரும் இதை வெட்டுக்கிளியின் சொந்தம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் இதற்கு நெருங்கிய சொந்தம் கரப்பானும் கறையானும். உலகில் சுமார் 2,400 வகைக் கும்பிடுபூச்சிகள் இருக்கின்றன. நம் தோட்டங்களில் கண்ணில் படும் பெரிய பச்சை வகை பெரும்பாலும் ஹையரோடூலா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. வளர்ந்த பெண் 7, 8 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். மரப்பட்டையோடு ஒட்டிக்கொண்டு பட்டை நிறத்திலேயே ஓடும் தட்டையான வகையும் உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வறண்ட புதர்க்காடுகளில், காய்ந்த சருகு போலவே தோற்றம் கொண்ட வயலின் கும்பிடுபூச்சி வாழ்கிறது. கழுத்து மெலிந்து நீண்டு, உடம்பு அகன்று, வயலின் மாதிரியே இருக்கும்.

இனி அந்தக் கை. உண்மையில் அவை முன்னங்கால்கள். எல்லாப் பூச்சிக்கும் உள்ளதுபோல ஆறு கால்கள்தான் இதற்கும். நடக்க நான்கு, பிடிக்க இரண்டு. மற்றப் பூச்சிகளில் கால் உடம்போடு சேரும் முதல் துண்டு குட்டையாக, கண்ணுக்கே தெரியாத அளவில் இருக்கும். கும்பிடுபூச்சியின் முன்னங்காலில் அந்தத் துண்டு நீண்டு நம் மேற்கை போல ஆகிவிட்டது. கை நீட்டி எட்டிப் பிடிக்க முடிவது இதனால்தான். அடுத்த துண்டு தொடை: தடித்தது, கீழ்ப்பக்கம் இரண்டு வரிசை முட்கள், நடுவில் ஒரு பள்ளம். மூன்றாவது துண்டிலும் முட்கள். நுனியில் வளைந்த கொக்கி. பேனாக்கத்தியை மடக்குவது போல மூன்றாவது துண்டு மடங்கித் தொடையின் பள்ளத்தில் வந்து பொருந்தும். இரண்டு பக்க முட்களுக்கு நடுவில் சிக்கிய ஈ உதறினால் முட்கள் இன்னும் அழுத்தமாகப் பதியும். கொக்கிக்கு அப்பால் மெல்லிய பாதம் ஒன்றும் உண்டு. நடக்கும்போது மட்டும் அதை ஊன்றிக்கொள்ளும்.

தொடையின் உட்பக்கத்தில், நுனிக்கு அருகே, நுண்ணிய மயிர்கள் சேர்ந்த ஒரு தூரிகை இருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் அதை வாயில் வைத்துச் சுத்தம் செய்து, பிறகு அதாலேயே கண்ணைத் துடைக்கும். பூனை முகம் கழுவுவது போலவே இருக்கும். வேட்டையைப் பார்க்கத் தவறினாலும் இதைப் பார்க்கத் தவறாதீர்கள்.

கண்ணை அவ்வளவு அக்கறையாகத் துடைப்பதில் வியப்பில்லை. தலையின் இரண்டு மூலைகளிலும் பெரிய கூட்டுக்கண்கள். உணர்கொம்புகளுக்கு நடுவே சின்னஞ்சிறு கண்கள் மூன்று. ஆக ஐந்து. தலையைத் தோள்வரை திருப்பிப் பின்னால் பார்க்கவும் முடியும். நீங்கள் எந்தப் பக்கம் போனாலும் கூட்டுக்கண்ணுக்குள் ஒரு கறுப்புப் புள்ளி உங்களையே பார்த்துத் திரும்புவது போலத் தோன்றும். அது கண்பாவை இல்லை. கூட்டுக்கண் ஆயிரக்கணக்கான குட்டிக் குழாய்களால் ஆனது. உங்களை நேராகப் பார்க்கும் குழாய்கள் வெளிச்சத்தை உள்ளே விழுங்கிவிடுவதால் அந்த இடம் மட்டும் கறுப்பாகத் தெரிகிறது. சாய்வாக உள்ளவை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் பச்சையாகத் தெரிகின்றன. நீங்கள் நகர்ந்தால் உங்களுக்கு நேராக இருக்கும் குழாய்கள் மாறும், புள்ளியும் இடம் மாறும். இரவில் இதே கண்கள் முழுக்கக் கறுத்துப் போகும். கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் சேர்த்துக்கொள்ளக் கண் செய்யும் ஏற்பாடு அது. நோய் என்று பயப்பட வேண்டாம்.

இரண்டு கண்ணாலும் ஒரே பொருளைப் பார்த்து அதன் தூரத்தை அறியும் திறமை நமக்கு உண்டு. முப்பரிமாணப் படத்துக்குக் கண்ணாடி போடுவது இதை ஏமாற்றத்தான். பூச்சிக்கும் இந்தத் திறமை உண்டா என்று பார்க்க, இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் கும்பிடுபூச்சிக்கே குட்டிக் கண்ணாடி மாட்டினார்கள். ஒரு கண்ணுக்கு நீலத் துண்டு, இன்னொன்றுக்குப் பச்சை. ஒட்டியது தேன்மெழுகால், பிறகு எடுத்துவிடலாம். எதிரே ஒரு திரை. திரையில் நகரும் புள்ளி சாதாரணமாகத் தெரிந்தபோது பூச்சி சும்மா இருந்தது, திரை எட்டாத தூரம். அதே புள்ளியை, கண்முன்னே சில சென்டிமீட்டரில் மிதப்பது போலக் காட்டியதும் வெற்றுக் காற்றில் கையை வீசியது. 2016இல் இந்த ஆய்வு வெளியானது. இதே குழு பின்னர் இன்னொன்றும் கண்டது: கும்பிடுபூச்சி தூரம் பார்ப்பது அசையும் பொருளுக்குத்தான். அசையாத படத்தின் விவரங்களைப் பற்றி அதற்குக் கவலையில்லை. ஆகவே செத்த ஈயை முன்னால் போட்டுவிட்டு ஏன் தின்னவில்லை என்று கேட்கக்கூடாது. ஈர்க்குச்சி நுனியில் அதைக் குத்தி, மெல்ல ஆட்டிக் காட்டினால் பிடிக்கும்.

இப்போது வேட்டையை வரிசையாகப் பாருங்கள். ஈ வந்து உட்காருகிறது. முதலில் தலை மட்டும் திரும்புகிறது. பிறகு உடம்பு மெல்ல அந்தப் பக்கம் சாய்கிறது. எட்டவில்லை என்றால் தயிர் கடைந்துகொண்டே இரண்டு அடி நகர்கிறது. கைகள் இன்னும் இறுக்கமாக மடிகின்றன. எட்டும் தூரம் வந்ததும், முதலில் மேற்கை போன்ற துண்டு முன்னால் உயர்ந்து, கடைசித் துண்டு விரிகிறது; அடுத்த நொடித்துளியில் தொடை வீசிப் பாய்ந்து, விரிந்த துண்டு மூடிக்கொள்கிறது. பெரும்பாலும் எல்லாம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடியும். உங்கள் கண் ஒருமுறை இமைத்தால் தவறவிட்டுவிடுவீர்கள். கைபேசியில் வேகம் குறைத்துப் படம் எடுக்கும் வசதி இருந்தால் இதற்காகவே பயன்படுத்துங்கள்.

வில்லிலிருந்து விட்ட அம்பு போல, புறப்பட்ட கையைத் திருத்த முடியாது என்றே நெடுநாள் எண்ணியிருந்தார்கள். அப்படி இல்லை என்று சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2020இல் காட்டியது. இரை மெதுவாக வந்தால் வீச்சும் மெதுவாகிறது. கையை உயர்த்திய நிலையில் ஒரு கணம் நிறுத்திவிட்டு வீசுகிறது. வேகமாக வந்தால் நிறுத்தாமல் வீசுகிறது. இத்தனை இருந்தும் குறி தவறுவது உண்டு.

பிடித்ததைக் கொன்றுவிட்டுத் தின்பது என்ற பழக்கம் இதற்கு இல்லை. நஞ்சு கிடையாது. எந்தப் பக்கம் வாய்க்கு அருகே இருக்கிறதோ அங்கிருந்து, சோளக்கதிர் கடிப்பது போலக் கடிக்கத் தொடங்கும். இறக்கையும் காலும் கீழே விழும். பார்க்கக் கொஞ்சம் கடினமாகத்தான் இருக்கும். சின்னப் பிள்ளைகளோடு பார்க்கும் பெரியவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

தின்பது எவற்றையெல்லாம்? ஈ, கொசு, அந்துப்பூச்சி, வெட்டுக்கிளி, கரப்பான், சிலந்தி. தேனீயும் பட்டாம்பூச்சியும்கூட. விவசாயிக்கு நண்பன் என்று இதை ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். இது பயிருக்கு நல்ல பூச்சி எது, கெட்ட பூச்சி எது என்று பார்ப்பதில்லை, அசைவதும் எட்டுவதும்தான் கணக்கு. கர்நாடகத்தில் ஒரு மாடித் தோட்டத்துக் குளத்தில், 2017இல், ஹையரோடூலா ஆண் ஒன்று தண்ணீரில் மிதந்த இலைமேல் நடந்து போய் கப்பி மீன்களைப் பிடித்தது. ஐந்து நாளில் ஒன்பது மீன், அதுவும் பொழுது சாய்ந்த பிறகு. அமெரிக்காவில், தேன்சிட்டு போன்ற ரீங்காரச் சிட்டுகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் தொங்கவிடும் வழக்கம் உண்டு. அந்தக் கிண்ணத்தின் மேலேயே உட்கார்ந்து சிட்டைப் பிடித்த கும்பிடுபூச்சிகள் பல பதிவாகியிருக்கின்றன. உலகம் முழுவதிலிருந்தும் கும்பிடுபூச்சி பறவையைப் பிடித்த 147 நிகழ்வுகளை 2017இல் ஓர் ஆய்வுக்குழு தொகுத்தது.

இதைப் பிடிப்பவர்களும் உண்டு: ஓணான், பல்லி, கரிச்சான், பூனை, இரவில் வௌவால். பிடிபடப் போகிறோம் என்று தெரிந்தால் கைகளை விரித்து, இறக்கையைத் தூக்கி, தன்னை இரண்டு மடங்கு பெரிதாகக் காட்டும். வௌவாலுக்கு மட்டும் தனி ஏற்பாடு. கும்பிடுபூச்சிக்குக் காது ஒன்றே ஒன்று, அது இருப்பதோ நெஞ்சின் அடிப்பக்கம், பின்னங்கால்களுக்கு நடுவே! அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் யேகர், ஹாய் என்ற இருவர் 1986இல் இதைக் கண்டுபிடித்தார்கள். நமக்குக் கேட்காத, வௌவால் எழுப்பும் மீயொலி அந்தக் காதுக்குக் கேட்கும். பறந்துகொண்டிருக்கும் பூச்சி கேட்டவுடன் சட்டென்று சுழன்று கீழே பாயும். இரவில் துணை தேடிப் பறப்பது ஆண்தான் என்பதால், பல வகைகளில் ஆணின் காது கூர்மை, கனத்த உடம்புள்ள பெண்ணின் காது மந்தம்.

தண்ணீர்த் தொட்டிக்குள் கும்பிடுபூச்சி ஒன்று தானாக இறங்கிக் கிடந்தால், அதன் வயிற்றிலிருந்து கறுப்பு நூல் போல ஒரு புழு வெளியே வருகிறதா என்று பாருங்கள். குதிரைமுடிப் புழு. நீரில் பிறந்த சிறு பூச்சிகளின் உடம்பில் ஒளிந்து வந்து, அவற்றைத் தின்னும் கும்பிடுபூச்சிக்குள் வளர்ந்து, முட்டையிடும் காலம் வந்ததும் தன்னைச் சுமப்பவரைத் தண்ணீருக்கு நடக்க வைக்கும். அந்தப் புழு மனிதருக்குள் வளராது.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க, ஒரு பூச்சியை ஒரு வாரம் வீட்டில் வைத்திருந்து விட்டுவிடலாம். கழுத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது. முன்னால் உள்ளங்கையை வைத்து, பின்னாலிருந்து ஒரு புல்லால் மெல்லத் தொட்டால் தானே ஏறி வரும். முள் கொஞ்சம் குத்தலாம், வேறொன்றும் ஆகாது. ஜாடியின் உயரம் பூச்சியின் நீளத்தைப்போல மூன்று மடங்காவது இருக்கவேண்டும். 8 சென்டிமீட்டர் பூச்சிக்கு 25 சென்டிமீட்டர். அகலம் இரண்டு மடங்கு. மூடிக்குப் பதில் கொசுவலைத் துணியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். காற்றுக்காக மட்டுமல்ல: கும்பிடுபூச்சி பெரும்பாலும் தலைகீழாகத் தொங்கியே இருக்கும், அதற்குப் பிடிமானம் வேண்டும். வழவழப்பான பிளாஸ்டிக் மூடியில் கால் நிற்காது. உள்ளே ஒரு குச்சி போதும். காடு மாதிரி இலையை அடைத்தால் அது இரையைப் பார்க்காது, நீங்கள் அதைப் பார்க்க மாட்டீர்கள். காலையில் ஒரு பக்கச் சுவரில் தண்ணீரை மெல்லத் தெளித்தால் துளியை நக்கிக் குடிக்கும். கிண்ணத்தில் தண்ணீர் வேண்டாம்.

உணவுக்கு, அழுகிய வாழைப்பழத் துண்டு ஒன்றைப் பாட்டிலில் போட்டு வாயில் காகிதக் கூம்பு செருகி வையுங்கள். அரை நாளில் பழ ஈக்கள் சேரும். குஞ்சுகளுக்கு அவை சரி. பெரிய பூச்சிக்கு இரண்டு நாளைக்கு ஒரு வெட்டுக்கிளி அல்லது இரண்டு மூன்று வீட்டு ஈ. வயிறு பலூன் போல உப்பியிருந்தால் ஒரு நாள் விடுங்கள். மருந்து அடித்த இடத்தில் பிடித்த ஈயைக் கொடுக்காதீர்கள். கொசுவத்தி, கொசு விரட்டி எரியும் அறையில் ஜாடியை வைத்தால் காலையில் பூச்சி உதறி உதறிச் செத்துக் கிடக்கும். வீட்டில் வளர்க்கும் பூச்சி சாவதற்கு நம் ஊரில் பெரிய காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது காரணம் சட்டை உரிப்பது. குஞ்சு பெரிதாவதற்குள் வகையைப் பொறுத்து ஆறிலிருந்து ஒன்பது முறை தோலுரிக்கும். அதற்கு ஓரிரு நாள் முன்பு தின்பதை நிறுத்திவிடும். இறக்கை மொட்டுகள் உப்பும். பயந்துபோய் இரையைத் திணிக்காதீர்கள். ஜாடிக்குள் வெட்டுக்கிளி இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள், மென்மையாகத் தொங்கும் பூச்சியை அதுவே கடித்துவிடும். உரிக்கும்போது பூச்சி தலைகீழாகத் தொங்கி, முதுகில் தோல் பிளந்து, கீழ்நோக்கி வழுக்கி வெளியே வரும். கீழே இடம் இல்லையென்றால் கால் வளைந்துபோகும். காற்று மிக வறண்டிருந்தால் தோல் பாதியில் ஒட்டிக்கொள்ளும். அந்த நேரம் யாராவது ஜாடியை ஆட்டி, பூச்சி விழுந்துவிட்டால் பெரும்பாலும் பிழைக்காது. உரித்த பிறகு ஒரு நாள் தொடவே வேண்டாம். உடைந்த கால் குஞ்சுப் பருவத்தில் அடுத்தடுத்த உரிப்பில் சிறிதாக முளைக்கும். இறக்கை வந்த பிறகு முளைக்காது, ஏனென்றால் அதற்குப் பிறகு உரிப்பே கிடையாது.

ஆணா பெண்ணா என்று அறிய வயிற்றின் அடிப்பக்கம் தெரியும் வளையங்களை எண்ணுங்கள். பெண்ணுக்கு 6, ஆணுக்கு 8. பெண்ணின் கடைசி வளையம் பெரிதாக இருக்கும். ஆண் மெலிந்தது, உணர்கொம்பு நீளம், இறக்கை வயிற்றைத் தாண்டும். சுவர் விளக்கடியில் இரவில் வந்து உட்காருவது அநேகமாக ஆண்.

இறக்கை முளைத்து இரண்டு மூன்று வாரம் போனதும் பெண் ஓரிடத்தில் தொங்கிக்கொண்டு வயிற்றை வளைத்துக் காட்டத் தொடங்கும். முதுகுப்பக்கம் வயிற்று வளையங்களுக்கு இடையிலிருந்து ஒரு வாசனை கிளம்பும். நமக்குத் தெரியாது; காற்று போகும் திசையில் உள்ள ஆணின் நீண்ட உணர்கொம்புக்குத் தெரியும். அது பறந்து வந்து, சற்றுத் தள்ளி இறங்கும்.

இங்கேதான் முதல் கேள்வி தலைகீழாகிறது. அசைவது எல்லாம் இரை என்று பார்க்கும் கண், எட்டுவதை எல்லாம் பிடிக்கும் கை, தன்னைவிடப் பெரிய உடம்பு: இவற்றை நோக்கி ஆண் நடக்கவேண்டும். அது எப்படி நடக்கும் என்றால், பெண் ஈயை நோக்கி நடப்பது போலவே. ஓர் அடி வைக்கும், நிற்கும். பெண் தலையைத் திருப்பினால் அப்படியே உறையும், சில சமயம் பல நிமிடம். திரும்பியதும் இன்னோர் அடி. முடிந்தவரை பின்பக்கமாக வரும். பசியோடு இருக்கும் பெண்ணாக இருந்தால் இன்னும் மெதுவாக வந்து, இன்னும் தள்ளியிருந்தே தாவும் என்று 2006இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது. கடைசியில் ஒரே தாவல், பெண்ணின் முதுகில். ஏறியதும் உணர்கொம்புகளால் அவள் தலையைத் தட்டிக்கொடுத்து, வயிற்றை ஆங்கில எழுத்து எஸ் போல வளைத்து அவள் வயிற்று நுனியோடு சேர்க்கும். பிறகு பல மணி நேரம் இரண்டும் அசையாமல் இருக்கும். அந்த நேரத்தில் விந்தணு நிறைந்த ஒரு சிறு உறை பெண்ணுக்குள் போகிறது. முடிந்ததும் ஆண் குதித்து, அல்லது பறந்து, தப்பிக்கும். முன்பக்கமாக வந்ததும் தவறான இடத்தில் தாவியதும்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்.

ஆம், மாட்டிக்கொண்டால் பெண் ஆணைத் தின்றுவிடும். ஆனால் எப்போதும் தின்னும் என்பது கட்டுக்கதை. பழைய காலத்தில், பசித்த பெண்ணைச் சிறு கூண்டில் ஆணோடு அடைத்து, பளிச்சென்று விளக்குப் போட்டு, பக்கத்தில் நின்று பார்த்தார்கள். ஆணுக்கு ஓட இடமில்லை, பெண்ணுக்கு வேறு சோறில்லை. 1984இல் லிஸ்கே, டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பெண்ணுக்கு வயிறாரக் கொடுத்து, தாங்கள் விலகி நின்று வீடியோ எடுத்தபோது, 30 இணைகளில் ஓர் ஆணும் தின்னப்படவில்லை. வெளியில், இயற்கையில் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே: ஐரோப்பியக் கும்பிடுபூச்சியைப் பற்றி 1992இல் வெளியான கள ஆய்வில் 31 விழுக்காடு. வகைக்கு வகையும் மாறும். நம் வயலின் கும்பிடுபூச்சி கூட்டமாக வைத்தாலும் பெரும்பாலும் சாதுவாக இருக்கும். தென்னாப்பிரிக்காவின் ஸ்பிரிங்பாக் வகை நேர் எதிர்; அங்கே ஆண் மல்யுத்தம் செய்து பெண்ணின் கையை முதலில் பிடித்துக்கொண்டால்தான் பிழைக்கும்.

தலையைத் தின்ற பிறகும் ஆணின் உடம்பு இணைசேர்வதைத் தொடரும். கேட்டால் பேய்க்கதை போலிருக்கும். கென்னத் ரோடர் என்ற ஆய்வாளர் 1935இல் இதற்குக் காரணம் சொன்னார். பூச்சியின் நரம்புகள் உடம்பு நெடுக முடிச்சு முடிச்சாக இருக்கின்றன. இணைசேரும் அசைவுகளை நடத்துவது வயிற்று நுனியில் உள்ள முடிச்சு; அதை அடக்கி வைப்பது தலையில், உணவுக்குழலுக்குக் கீழே உள்ள முடிச்சு. வண்டிக்கு பிரேக் முன்னால், எஞ்சின் பின்னால். தலை போனால் பிரேக் போகிறது, எஞ்சின் ஓடுகிறது.

தின்னப்பட்ட ஆண் வீணாகிறதா? 2016இல் பிரவுன், பாரி என்ற இருவர், கதிரியக்க அடையாளம் போட்ட சத்தை ஆண்களுக்கு ஊட்டி, அது எங்கே போகிறது என்று தேடினார்கள். ஆணைத் தின்ற பெண்களின் முட்டைகளில் அது கிடைத்தது. முட்டைகளும் மற்றப் பெண்கள் இட்டதைவிட இரு மடங்குக்கு மேல். ஆணுக்கு இதில் விருப்பம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. விருப்பம் இருந்தால் அவ்வளவு பதுங்கிப் பதுங்கி வரவேண்டியதில்லை. ஆஸ்திரேலிய வகை ஒன்றில், பட்டினி கிடந்த பெண்கள்தான் மிக அதிக ஆண்களை வாசனை காட்டி வரவழைத்தன என்று பாரியின் இன்னோர் ஆய்வு கண்டது. அது துணைக்கான அழைப்பா, சோற்றுக்கான தூண்டிலா என்று கேட்கத் தோன்றுகிறது.

வீட்டில் இணைசேரப் பார்க்க விரும்பும் பெரிய பிள்ளைகளுக்கு: பெண்ணுக்கு முந்தைய இரண்டு நாளும் நிறையக் கொடுங்கள். ஜாடி போதாது, கொசுவலை கட்டிய பெரிய கூண்டு வேண்டும். பெண் ஒரு வெட்டுக்கிளியைத் தின்றுகொண்டிருக்கும்போது, பின்பக்கமாக, ஒரு முழம் தள்ளி ஆணை விடுங்கள். அவசரப்படுத்தி அதைத் தள்ளாதீர்கள். இரவு முழுதும் ஆகலாம். ஆண் இறங்கியதும் தனியே எடுத்துவிடுங்கள்.

அடுத்த சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் பெண் குச்சியிலோ சுவரிலோ தலைகீழாக நின்று, வயிற்று நுனியிலிருந்து நுரை போன்ற ஒன்றை வெளியிட்டு, நுனியை இடமும் வலமும் ஆட்டி ஆட்டிப் பரப்பும். அந்த நுரைக்குள் முட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே போகும். சில மணி நேரத்தில் வேலை முடியும். நுரை காற்றில் இறுகிப் பழுப்பு நிறத் தக்கை போல ஆகும். உள்ளே காற்றறைகள் இருப்பதால் வெயிலும் மழையும் எளிதில் தாக்காது. பெரிய வகைகளில் ஒரு கூட்டில் நூறு, இருநூறு முட்டை. ஒரே இணைசேர்க்கைக்குப் பிறகு பல கூடுகள் கட்டும். ஒவ்வொன்றும் முடிந்ததும் வயிறு ஒட்டிப்போயிருக்கும், அப்போது அதற்கு நிறையத் தீனி வேண்டும். இணைசேராத பெண்ணும் கூடு கட்டும், பெரும்பாலான வகைகளில் அதில் ஒன்றும் பொரிக்காது.

கூட்டைக் குச்சியோடு வெட்டி வீட்டுக்குள் கொண்டுவந்து மறந்துவிடுகிறவர்கள் உண்டு. ஒருநாள் காலையில் திரைச்சீலை முழுக்க எறும்பளவு கும்பிடுபூச்சிகள் ஏறிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் ஒரே ஜாடியில் போட்டால் சில நாளில் ஒன்றையொன்று தின்று எண்ணிக்கையைக் குறைத்துவிடும். இரண்டு மூன்றை மட்டும் தனித்தனி ஜாடியில் வைத்துக்கொண்டு மற்றவற்றைச் செடிகளில் தள்ளித் தள்ளி விடுங்கள்.

பொரித்து முடிந்த பழைய கூடு கிடைத்தால் அதையும் வீசிவிடாதீர்கள். குஞ்சுகள் வெளியே வருவது நடுவில் ஓடும் தையல் போன்ற கோட்டின் வழியாக. வரும்போது மெல்லிய இழையில் தொங்கி, முதல் தோலை உரித்துப் போடும். அந்தக் கோட்டோரம் வெள்ளைத் தூசு போல உரிந்த தோல்கள் தொங்கினால் கும்பிடுபூச்சிகள் பிறந்திருக்கின்றன. அதற்குப் பதிலாகப் பக்கச் சுவரில், ஊசியால் குத்தியது போன்ற வட்ட ஓட்டைகள் இருந்தால், ஒரு குட்டிக் குளவி வந்து முட்டைகளுக்குள் தன் முட்டையை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. பல கூடுகளில் இரண்டு அடையாளமும் சேர்ந்தே இருக்கும். உருப்பெருக்கி இருந்தால் ஓட்டைகளை எண்ணிப் பாருங்கள், எத்தனை முட்டை குளவிக்குப் போயிற்று என்று ஓரளவு தெரியும்.